விதிகளின் அரசியல்: ஓர் ஆட்டக்காரனின் குறிப்புகள்

வீடியோ கேம் பற்றித் தமிழில் எழுதப்படுபவற்றைப் பெரும்பாலும் இரண்டாகப் பிரித்துவிடலாம். ஒன்று, 'பையன் கெட்டுப்போறான்' என்கிற பெற்றோர் – போலீஸ் – மனநல மருத்துவர் சொல்லாடல். மற்றது, 'இத்தனை கோடி வியாபாரம்' என்கிற முதலீட்டுச் சொல்லாடல். இரண்டிலும் ஆட்டம் இல்லை. ஆடுகிற ஆளும் இல்லை. சிறுபத்திரிகைச் சூழலோ மூன்றாவதாக ஒரு மௌனத்தைக் கடைப்பிடிக்கிறது. சினிமாவையும் விளம்பரத்தையும் நாட்டார் கலைகளையும் பிரதிகளாக வாசிக்கப் பழகிக்கொண்ட நாம், நம் பிள்ளைகளின் கைகளில் தினமும் மணிக்கணக்காக இயங்கும் ஒரு பிரதியை மட்டும் ஏன் தொடுவதில்லை?

நான் ஆடுகிறவன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில், தொண்ணூறுகளின் 'கேசட்' காலத்திலிருந்து இன்றைய கைப்பேசி வரை ஆடிக்கொண்டிருப்பவன். இவை ஓர் ஆட்டக்காரனின் அபிப்பிராயங்கள். ஆய்வு முடிவுகளாக யாரும் கொள்ள வேண்டாம்.

1

முதலில் ஒரு மொழிப் பழக்கத்தைக் கவனிப்போம். நாவலில் நாயகன் இறந்தால் வாசகன் 'அவன் செத்துட்டான்' என்கிறான். ஆட்டத்தில் பொம்மை இறந்தால் பையன் சொல்வது: 'நான் செத்துட்டேன்டா.' அடுத்த வாக்கியம்: 'எனக்கு இன்னும் ரெண்டு உயிர் இருக்கு.' அந்தப் பொம்மையின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. 'ஏய்' என்று போலீஸ்காரன் கூப்பிட்டதும் திரும்புகிறவன் அந்தக் கணத்தில் தன்னிலையாகிறான் என்றார் அல்தூஸர். ஆட்டத்தில் கூப்பிடுவதற்குள் கட்டைவிரல் திரும்பிவிடுகிறது.

ஆகவே ஆட்டத்தின் அர்த்தத்தைப் படங்களில் மட்டும் தேடுவது பயனில்லை. ரத்தம் தெரிகிறதா, துப்பாக்கி இருக்கிறதா என்பவை தணிக்கைக் குழுவின் கேள்விகள். நாம் கேட்க வேண்டியவை வேறு: இங்கே எதற்கு அனுமதி? எதற்குப் பரிசு? எதற்குத் தண்டனை? முக்கியமாக, எதைச் செய்யவே முடியாது? இயன் போகோஸ்ட் 2007இல் வெளியான தன் நூலில், ஆட்டங்கள் விதிகளின் இயக்கத்தின் வழியாகவே வாதிடுகின்றன என்றார். தமிழில் இதைச் சொல்வது இன்னும் எளிது. 'விதி' என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு பொருள்: மனிதன் வகுத்தது ஒன்று, தலையில் எழுதியது மற்றொன்று. முதலாவதை இரண்டாவதாக மாற்றிக் காட்டுவதுதான் கருத்தியலின் வேலை. யாரோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிய விதியை, 'அது அப்படித்தான்' என்று ஆடுகிறவன் ஏற்றுக்கொள்கிறான். ஆட்டத்தை விமர்சிப்பது என்றால் இந்த இரண்டாம் விதியை மறுபடியும் முதல் விதியாக்கிக் காட்டுவது.

2

ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்டது 'பேட்டில் சிட்டி'. எங்கள் பக்கம் அந்தப் பெயர் தெரிந்தவர்கள் குறைவு, 'டாங்க் கேம்' என்றால் எல்லோருக்கும் தெரியும். நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டியை நகலெடுத்த மலிவுப் பெட்டிகளின் வழியாக வந்தது. பதிப்புரிமைச் சட்டப்படி அது திருட்டு. அந்தத் திருட்டு இல்லையென்றால் எங்கள் தெருவுக்கு ஆட்டமே வந்திருக்காது.

திரையின் அடியில் செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு. அதைக் காப்பாற்ற வேண்டும். எதிரி யார், ஏன் வருகிறான் என்ற விளக்கம் கிடையாது. கட்டத்துக்கு 20 டாங்க்குகள் வரும், அவ்வளவுதான். கழுகு போனால் ஆட்டமும் போச்சு, கையில் எத்தனை உயிர் மிச்சமிருந்தாலும். ஆனால் இதில் எனக்குப் பிடித்த விதி வேறு: கழுகை நம்முடைய குண்டே கொன்றுவிட முடியும். 'டேய், உன் குண்டுதான்டா பட்டுது' என்று இருவர் ஆடும்போது வரும் சண்டையில் தேசப் பாதுகாப்பு பற்றிய ஓர் உண்மை வெளிவந்துவிடுகிறது. காவலனின் குண்டுக்குக் காக்கப்படுவது எது, எதிரி எது என்று தெரியாது. எந்தத் தேசபக்திச் சினிமாவும் இதைச் சொல்லத் துணியாது.

அந்த ஆட்டம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதில் டாங்க் ஒரு மூலையில் மினுக்கிக்கொண்டு தானாகத் தோன்றும். ஆவடியில் டாங்க் அப்படித் தோன்றுவதில்லை. கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் அமைக்கப்பட்டு, 1965இல் முதல் விஜயந்தா டாங்க்கை வெளியே அனுப்பியது. அந்த டாங்க்குக்குப் பின்னால் ஷிப்டு இருந்தது, கேன்டீன் இருந்தது, சங்கம் இருந்தது. 2021இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு நிறுவனங்களாக்கியபோது தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அதே ஆண்டில் பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் சட்டமும் வந்தது. தானாகத் தோன்றும் டாங்க், வேலைநிறுத்தம் செய்யாத டாங்க்: அரசின் கனவும் ஆட்டத்தின் விதியும் ஒன்றாகிப்போகும் இடம் இது.

3

2000க்குப் பிறகு பிரவுசிங் சென்டர்களில் இடம்பிடித்தது 'கவுன்டர் ஸ்ட்ரைக்'. வேறோர் ஆட்டத்தை ரசிகர்களே மாற்றியமைத்ததில் பிறந்தது. 1999இல் சோதனைப் பதிப்பு, 2000இல் வால்வ் நிறுவனத்தின் வெளியீடு. ஒரு பக்கம் பயங்கரவாதிகள், மறுபக்கம் அவர்களை ஒழிக்கும் படை. சுட்டால் காசு, அந்தக் காசுக்கு அடுத்த சுற்றில் துப்பாக்கி. சந்தைப் பொருளாதாரத்தின் பாலபாடம்.

இதைப் பாலைவன ஊர், முகமூடி மனிதர்கள் என்று படங்களின் தளத்தில் வாசித்தால், மேற்குலகம் கட்டமைத்த மற்றமை எளிதில் அகப்படும். அந்த வாசிப்பு சரியானது, ஆனால் பாதிதான். விதியின் தளத்தில் வேறொன்று நடக்கிறது. யார் எந்தப் பக்கம் என்பது ஒரு பித்தானில் தீர்மானமாகிறது, பாதி ஆட்டத்தில் பக்கம் மாறிக்கொள்வதும் வழக்கம். 'இந்த ரவுண்டு நான் டெர்ரரிஸ்ட்டுடா' என்கிறவன் அடுத்த முறை போலீஸ். பயங்கரவாதி என்பது ஆளின் இயல்பு அல்ல, ஆளை நிறுத்தும் இடம் – இதைப் பத்தாவது படிக்கிற பையன் கைப்பழக்கத்தில் தெரிந்துகொள்கிறான்.

பூந்தமல்லியில் இதை ஆடுவதற்குத் தனி அர்த்தம் உண்டு. ராஜீவ் கொலை வழக்கை விசாரித்த தடா நீதிமன்றம் இங்கேதான் இருந்தது. 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் அது மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கில் தடாச் சட்டக் குற்றங்கள் பொருந்தாது என்றது. 19 பேர் விடுதலையானார்கள். பிறகு பொடா வழக்குகளும் இதே ஊருக்கு வந்தன. ஆட்டத்தில் ஒரு சொல்லிலிருந்து வெளியேற ஒரு பித்தான் போதும். நீதிமன்றத்தில் அதற்கு ஆண்டுகள் பிடித்தன. இரண்டு வெளிகளுக்கும் இடையிலான தூரம் சில தெருக்கள். அதை எழுதியிருக்க வேண்டியவர்கள் நாம்.

4

'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: வைஸ் சிட்டி' 2002இல் வந்தது. ஹைட்டியர்களைக் கொல்லச் சொல்லும் வசனத்துக்காக 2003இல் அமெரிக்காவில் ஹைட்டிய மக்கள் போராடி, அந்த வரியை நீக்கவைத்தார்கள். போராட்டம் நியாயமானது. ஆனால் அதே ஆட்டம் அம்பத்தூரில் எப்படி ஆடப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். நான் பார்த்த பையன்களில் பெரும்பாலோர் கதைப் பகுதிக்குள் போகவே இல்லை. ஆங்கில வசனம் புரியாது, பொறுமையும் கிடையாது. குறுக்குக் குறியீட்டைத் தட்டி ஒரு டாங்க்கை வரவழைத்து ஊரைச் சுற்றினார்கள். கடற்கரைச் சாலையில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு பைக் ஓட்டினார்கள். சொந்தமாக சைக்கிள்கூட இல்லாதவனுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆசிரியன் எழுதிய கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியை மட்டும் எடுத்துக்கொண்ட இந்த வாசிப்பைக் கோட்பாட்டு நூல்கள் எதுவும் கற்றுத்தரவில்லை. ஆங்கிலம் தெரியாமையே இங்கே ஒரு வாசிப்பு முறை.

இதை ரொம்பவும் கொண்டாடவும் வேண்டாம். அந்தக் கடைகள் ஆண்களின் வெளி. பெண்பிள்ளைகள் அங்கே வருவதில்லை. வீட்டில் பெட்டி இருந்தாலும், அண்ணன் தம்பிகள் ஆடி முடித்து மிச்சம் வைத்த நேரம்தான் அவர்களுக்கு. யார் ஆடலாம் என்ற விதி எந்தக் கேசட்டிலும் எழுதப்படவில்லை. அது வீட்டில் எழுதப்பட்டது.

5

'பப்ஜி' கைப்பேசி ஆட்டம் 2018இல் வந்தது. நூறு பேர் குதிப்பார்கள், ஒருவரோ ஒரு குழுவோ மட்டும் மிஞ்ச வேண்டும், பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். இந்த விதி நமக்குப் புதிதா என்ன? ஒரு வேலைக்கு ஆயிரம் விண்ணப்பம் போடுகிற தலைமுறை இதைப் பார்த்த உடனே புரிந்துகொண்டது. ஆயினும் உள்ளே இன்னொரு விதி இருக்கிறது: குழுவில் ஒருவன் விழுந்தால் மற்றவன் போய்த் தூக்கிவிடலாம். 'மச்சான், தூக்குடா, வட்டம் வருது' என்ற குரலில் போட்டி மட்டுமா இருக்கிறது?

2020 செப்டம்பரில், எல்லைப் பதற்றத்தின்போது, 118 செயலிகளில் ஒன்றாக அது தடைசெய்யப்பட்டது. 2021இல் இந்தியப் பெயர் சூட்டிக்கொண்டு திரும்பியது. ரத்தத்தின் நிறம் பச்சையானது. கொல்வதைக் குறித்த சொல் 'முடித்தல்' ஆனது. வட்டம் சுருங்கும் விதி மட்டும் அப்படியே இருந்தது. படத்தைத் தணிக்கை செய்து விதியை விட்டுவிடுவது என்று நான் சொன்னது இதைத்தான்.

இணைய ரம்மியை இவற்றோடு சேர்த்து 'ஆன்லைன் கேம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தற்கொலைச் செய்திகளுக்குப் பிறகு 2021இல் தமிழ்நாட்டில் வந்த தடைச் சட்டத்தை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு நீக்கியது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கையை அடுத்து 2022இல் சட்டமன்றம் புதிய சட்டம் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பியனுப்பினார். மறுபடி நிறைவேற்றப்பட்டு 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம், ரம்மி திறமை ஆட்டம், அதற்குத் தடை பொருந்தாது என்றது. 2025 ஆகஸ்டில் ஒன்றியச் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை, திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதம் பார்க்காமல், தடைசெய்தது. இத்தனை ஆண்டும் நீதிமன்றம் கேட்டது 'திறமையா, அதிர்ஷ்டமா?' என்று. ஆடுகிறவன் கேட்கும் கேள்வி எளியது: இந்த மேசையில் ஒருபோதும் தோற்காதவன் யார்? ஒவ்வொரு ஆட்டத்திலும் கமிஷன் எடுத்துக்கொள்ளும் நிறுவனம்தான். டாங்க் கேமில் தோற்றவன் எழுந்து வீட்டுக்குப் போனான். ரம்மியில் தோற்றவனுக்கு வீடே போயிற்று. இந்த வித்தியாசத்தைப் பார்க்காத ஒழுக்கவாதம் யாரையும் காப்பாற்றாது.

6

மாற்று விதிகள் சாத்தியமா? டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா' ஓர் உதாரணம். எண்பதுகளில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மாவிடமிருந்து வந்த கிழிந்த சமையல் புத்தகம். அழிந்த வரிகளை ஊகித்து இட்லித் தட்டை அடுக்க வேண்டும். தப்பானால் மறுபடி செய்யலாம். புள்ளிகள் கிடையாது, எதிரி கிடையாது. ஞாபகத்தை விதியாக்கிய ஆட்டம் இது. 2024இல் பாஃப்டா விருதும் பெற்றது. எனக்குள்ள மனக்குறை: எண்பதுகளின் கனடா என்றதும் நினைவுக்கு வரும் ஈழ அகதி வாழ்க்கை இதில் இல்லை. புலம்பெயர்தலின் துயரம் சமையலறைக்குள்ளேயே ஆறிவிடுகிறது.

இதைவிடக் கூர்மையான விதி நம் திண்ணைகளிலும் கோயில் கல்தளங்களிலும் கீறிக் கிடக்கிறது. ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டும், ஆட்டுக்கு வெட்டும் உரிமையே இல்லை. இரு தரப்புக்கும் சமமான விதி என்ற பொய்யை இந்த ஆட்டம் சொல்வதில்லை. ஆயினும் ஆடு ஜெயிக்கலாம் – நெருங்கி நின்று புலியை நகரவிடாமல் செய்தால். தனி ஆடு ஒருபோதும் ஜெயித்ததில்லை. துப்பாக்கி நாயகர்களின் ஆட்டங்களை ஆடி முடித்த பிறகு, இந்த விதியை எழுதியவர்கள் யாராக இருக்கும் என்று யோசித்திருக்கிறேன். நிச்சயம் புலிகள் இல்லை.

7

கடைசியாக, ஆட்டம் ஓடுகிற பெட்டி. 2011இல் 'ஃபோன் ஸ்டோரி' என்றொரு சிறு ஆட்டம் வந்தது. கைப்பேசிக்காகக் காங்கோவில் தாது தோண்டும் குழந்தைகள், சீன ஆலையின் மாடியிலிருந்து குதிக்கும் தொழிலாளர்கள் – இவற்றை ஆடுகிறவனின் கைவேலையாகவே ஆக்கியது. ஆப்பிள் தன் கடையிலிருந்து அதை உடனே நீக்கிவிட்டது.

அந்த ஆட்டத்தின் அடுத்த கட்டம் எங்கள் பக்கத்தில் நடந்தது. 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் அருகே ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் கொடுத்த உணவால் 150 பேருக்கும் மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். சக தொழிலாளர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஆலை மூடிக்கிடந்து 2022 ஜனவரி 12 அன்று திறந்தது. மறியலில் உட்கார்ந்த பெண்களுக்கு ஆடுபுலி ஆட்டத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நெருங்கி நின்றால் புலியால் நகர முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.