வெள்ளைப் புகை சொல்வது என்ன?

பழைய டீசல் கார் ஒன்று வெள்ளைப் புகை கக்குகிறது. எஞ்சினும் அளவுமீறிச் சூடேறுகிறது. "ஹெட் காஸ்கெட் போய்விட்டது" என்கிறார்கள். உடனே எஞ்சினைப் பிரித்துவிடாதீர்கள், சற்றுப் பொறுங்கள்.

சிலிண்டர்களுக்கும் அவற்றின் மேல்மூடிக்கும் இடையே இறுக்கப்பட்டிருக்கும் மெல்லிய தகடே ஹெட் காஸ்கெட். டீசல் எஞ்சினில் காற்று ஏறக்குறைய 20-இல் ஒரு பங்காக அமுக்கப்படுகிறது. அந்த அழுத்தம் வெளியேறாமலும், குளிர்விக்கும் நீர் உள்ளே புகாமலும் காப்பது இத்தகடுதான்.

ஆனால் வெள்ளைப் புகை மட்டுமே சான்றாகாது. குளிர்ந்த எஞ்சினில் எரியாத டீசலும் வெண்புகையாக வரும். ஃபேன் பெல்ட் தளர்ந்தாலும், ரேடியேட்டர் அடைபட்டாலும் எஞ்சின் சூடேறும்.

எஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, நீர் நிரப்பி, எஞ்சினை ஓடவிடுங்கள். (சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும்!) சில குமிழிகள் வந்து நின்றுவிட்டால், அது உள்ளே தங்கிய காற்று. விடாமல் வந்தால், சிலிண்டரிலிருந்து கசியும் வாயு என்று ஐயுறலாம். அந்த வாயுவைப் புரோமோதைமால் நீலக் கரைசலில் செலுத்துங்கள். அதிலுள்ள கரியமில வாயு நீலத்தைப் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாற்றும்.

நிறம் மாறினால் காரை ஓட்டாதீர்கள். காற்றை அமுக்கலாம்; நீரை அமுக்க முடியாது. சிலிண்டரில் நீர் தேங்கினால், பிஸ்டனைத் தாங்கும் இரும்புத் தண்டே வளைந்துவிடும்.