ஊழியும் ஒட்டமும்

காவிரி பாயும் சோழவள நாட்டில் பிரளயம் என்பது புதிய சொல்லன்று. சீகாழிக்குரிய பன்னிரு பெயர்களுள் ஒன்று தோணிபுரம் என்பது. ஊழி வெள்ளத்தே இறைவன் அம்மையோடு பிரணவத் தோணியில் எழுந்தருளி அவ்விடத்தே தங்கினன் என்பது அப்பெயர்க்குக் காரணமாம். அவ்வெள்ளத்தில் மிதந்து வந்த அமுத கும்பம் தங்கிய இடம் குடந்தை. குடந்தைக்கு அணித்தாகிய திருப்புறம்பியம் வெள்ளத்திற்குப் புறம்பாய் நின்றமையாற் பெயர் பெற்றது. அங்குள்ள பிரளயங் காத்த விநாயகர்க்கு இன்றும் சதுர்த்தி இரவில் தேனால் திருமுழுக்கு நிகழ்கின்றது. இத்தல வரலாறுகள் ஊழி வந்ததையும், அதனுள் அழியாது நின்றது இன்னதென்பதையும் கூறுவனவன்றி, இனி வரும் ஊழிக்கு நாட்குறிப்பன அல்ல.

நாட்குறித்தலோடு அமையாது, அந்நாளின்மேற் பணமும் வைக்கும் வாணிகம் ஒன்று இக்காலத்தே தோன்றியுள்ளது. அமெரிக்க நாட்டில் 2020 ஆம் ஆண்டு தொடங்கிய பாலிமார்க்கெட் என்னும் நிலையத்தில் தேர்தல், போர், பந்தாட்டம் முதலிய வருநிகழ்ச்சிகளின்மேல் ஒட்டம், அஃதாவது பந்தயம், வைக்கின்றனர். அவற்றோடு, 'இயேசு கிறிஸ்து 2025 இல் மீண்டும் வருவாரா' என்னும் வினாவும் அங்கே விலைப்பொருளாயிற்று. வருவராயின் 'ஆம்' என்னும் சீட்டை உடையானுக்கு ஒரு டாலர்; வாராராயின் 'இல்லை' என்னும் சீட்டை உடையானுக்கு ஒரு டாலர். அவ்வாண்டில் ஒரு காலத்தே 'ஆம்' சீட்டு மூன்று சென்டுக்குச் சற்று மேலாகவும் விற்றது. ஆண்டு கழிந்தது, 'இல்லை' என்பதே முடிவாயிற்று. பின்னர் அவ்வினாவே, '2027 க்கு முன்' என்னும் எல்லையோடு மீண்டும் விலைக்கு வந்தது.

மூன்று சென்டு விலை கண்டு, நூற்றுக்கு மூன்று பங்கு அவ்வருகை நிகழுமென உலகம் கருதிற்று என்பாருமுளர். அது பொருந்தாது. என்னை? 'இல்லை' சீட்டைத் தொண்ணூற்றேழு சென்டுக்கு வாங்கினவன் ஆண்டிறுதியிற் பெறும் ஊதியம் மூன்று சென்டே. அக்காலத்து அமெரிக்க அரசாங்கக் கடன்பத்திரமோ ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு அளவில் வட்டி தந்தது. வட்டியினும் குறைந்த ஊதியத்திற்காகப் பணத்தை முடக்குவார் அரியராதலின், 'ஆம்' சீட்டின் விலை அதனினும் கீழே இறங்கவில்லை. 'ஆம்' சீட்டை வாங்கினவருள்ளும், விலை சிறிது ஏறியவுடன் பிறர்க்கு விற்றுவிடக் கருதினார் இருப்பர். ஆகவே அவ்விலை வட்டியையும் வாணிகரின் பொறுமையையும் அளந்ததேயன்றி நம்பிக்கையை அளந்ததன்று.

இன்னுமொன்று. வருகை நிகழ்ந்ததா என்று முடிவு செய்தற்கு அந்நிலையத்தார் விதித்த அளவை, நம்பத்தக்க சான்றுகளின் ஒருமித்த கூற்றாம். காட்சி, கருதல், உரை என்னும் மூன்றளவையும் பயின்றார்க்கு இது நகை விளைப்பது. குற்றமற்ற ஆப்தன் மொழியையே உரையளவை என்று நம் ஆசிரியர்கள் கொண்டனர். இங்கே அவ்விடத்திற் செய்தித்தாள்கள் அமர்ந்தன! கிறிஸ்தவ அன்பர்களுக்கும் இவ்வாணிகம் உடன்பாடாதற்கில்லை; அந்நாளையும் நாழிகையையும் தந்தையொருவரே அறிவர் என்பது மத்தேயு சுவிசேஷத்தின் கருத்தாதலின்.

இனிச் சித்தாந்தத்தில் வைத்து நோக்குவாம். மெய்கண்ட தேவர் சிவஞான போதத்தின் முதற் சூத்திரத்திலேயே சங்கார காரணனாகிய முதல்வனை உலகிற்கு முதலாக நிறுவினார். சங்காரமாவது பாழாக்குதலன்று. பிறந்தும் இறந்தும் எய்த்த உயிர்கள் இளைப்பாறுமாறு அவற்றின் கருவிகளை ஒடுக்குதல் அது. ஆதலின் அதுவும் அருட்செயலே. முப்பத்தாறு தத்துவங்களுள் காலமும் ஒன்று. நியதி, கலை முதலியவற்றோடு அசுத்த மாயையினின்று தோன்றிய அது, சங்காரத்தில் அம்மாயையிலேயே ஒடுங்குகின்றது. காலமே ஒடுங்கும் ஒடுக்கத்திற்குக் காலத்துள் ஒரு நாளைக் குறித்தல், எரியும் ஓலையின்மேல் அதன் சாம்பலுக்குக் கணக்கெழுதுதல் போலும். மேலும், ஒட்டத்திற்கு வைத்த பொருளும், அதனைக் கொடுப்பானும், கொள்வானும், சான்றாவானும் அன்று எங்கே நிற்பர்? தோற்றாரும் வென்றாரும் ஒருங்கே ஒடுங்கிய பின் எஞ்சுவான் முதல்வன் ஒருவனே. அவனோ ஒட்டத்திற் கலந்தானல்லன்.

அற்றேல், கலியுகத்திற்கு 4,32,000 ஆண்டு என்றும் பிரமன் பகலுக்கு 432 கோடி ஆண்டு என்றும் புராணங்கள் வரையறுத்தன அல்லவோ எனின், அவை இடையூழிகளைப் பற்றிய கணக்காம். மகா சங்காரத்தைப் பற்றியனவல்ல. அக்கணக்கின்படியும் கலியிற் சென்றன ஐயாயிரத்துச் சில்லாண்டுகளே. அங்ஙனமிருந்தும் 1962 பிப்பிரவரித் தொடக்கத்தில் எட்டுக் கிரகங்கள் மகரத்திற் கூடினமையால் உலகு முடியுமென்று பாரத நாட்டிற் பலர் அஞ்சினர். வடநாட்டில் பெருவேள்விகள் நிகழ்ந்தன. அம்மாதமே 19 ஆம் நாள் தொடங்கிப் பொதுத்தேர்தல் நடைபெற்றது. அவ்வேள்விகளில் நெய் செலவானதன்றி வேறு கேடில்லை. 2025 செப்டம்பரில் தென்னாப்பிரிக்கப் போதகர் ஒருவர் குறித்த நாளை நம்பியோ, கைப்பொருளை விற்றாரும் உளரெனச் செய்தித்தாள்கள் கூறின. நம்பினவன் பொருளிழக்க, நம்பாதவன் அந்நம்பிக்கையின்மேற் சென்டு ஈட்டுதல், நாம் இரங்கற்பாலது.

உழவனும் ஒட்டமன்றோ வைக்கின்றான் எனச் சிலர் வினவுவர். மேட்டூர் அணை ஜூன் 12 இல் திறக்குமென்று கருதியே தஞ்சை உழவன் குறுவைக்கு நாற்று விடுகின்றான். 2024 இல் அது ஜூலை 28 இலேயே திறந்தது. ஆயினும் நீர் வந்தால் நெல் விளைகின்றது. அவன் ஊதியம் பிறனொருவன் இழப்பன்று. நெல்லை விளைக்காமல் மழையின்மேல் மட்டும் பணம் வைப்பாரும் முன்னரே இருந்தனர். கல்கத்தாவில் அம்மழைச்சூது பெருகவே, 1897 இல் வங்காளத்தார் அதனைச் சட்டத்தால் தடுத்தனர்.

ஒட்டத்தால் எழும் கடன் செல்லாதென்பது 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே உண்டு. தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாற் கடன்பட்டு உயிர்நீத்தார் பலராயினமையின், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் 2022 இல் ஒரு குழு அமைந்து, அதன்பின் தனிச்சட்டமும் எழுந்தது. 2025 ஆகஸ்டில் இந்திய அரசாங்கமும் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை விலக்கிற்று. அதனோடு வருநிகழ்ச்சி ஒட்டம் நடத்திய புரோபோ என்னும் உள்நாட்டு நிலையமும் பணம் வைத்தாடுதலை நிறுத்திற்று. ஊழிச் சீட்டோ கடல் கடந்த நாட்டில் இன்னும் விலை கூறப்படுகின்றது. அவ்விலையைக் கழனி வரப்பிலிருக்கும் இளைஞனும் தன் கைத்தொலைபேசியிற் காண்கின்றான்.