மடித்துப் பார்த்தால் தெரியும்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கணக்கு நோட்டுப் புத்தகத்துடன் என்முன் வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது. செவ்வகத்துக்குச் சமச்சீர்க் கோடுகள் எத்தனை என்ற வினாவுக்கு அவள் ‘நான்கு’ என்று விடையெழுதி, மூலைக்கு மூலை இரண்டு கோடுகளையும் வரைந்திருந்தாள். ஆசிரியை அவ்விரண்டையும் சிவப்பு மையால் அடித்து, ‘இரண்டு’ என்று திருத்தியிருந்தார்.

அந்த விடையை முதல் நாள் இரவு சொல்லிக்கொடுத்தவன் நானே. மூலைவிட்டம் செவ்வகத்தை இரு சம பாகங்களாக்குகிறது. ஆகவே அதுவும் சமச்சீர்க் கோடே என்பது என் துணிபு. ஆசிரியைக்குக் கடிதம் எழுதத் தாளை எடுத்து உட்கார்ந்தேன். அருகில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த என் தாயார், “எழுதுவதற்கு முன்னால் அந்தத் தாளையே மூலைக்கு மூலை மடித்துப் பாரேண்டா” என்றார்.

மடித்தேன். ஒரு பாதியின் மீது மறுபாதி பொருந்தவில்லை. இரு மூலைகள் இரு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றன. மகள் சிரித்துவிட்டாள். கடிதம் எழுதப்படவில்லை.

என்னைப்போல் இடறுகின்ற பெற்றோர் வேறு சிலரும் இருக்கக்கூடும். ஆதலால் இதனைச் சற்று விளக்குவது நலம். இரு பாகங்களும் அளவில் சமமாக இருந்தால் மட்டும் போதாது. கோட்டின் வழியே மடிக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று சிறிதும் பிசகாமல் படிய வேண்டும். செவ்வகத்தை மூலைவிட்டத்தில் வெட்டினால் இரு சம முக்கோணங்கள் கிடைப்பது உண்மையே. ஆயினும் ஒன்றை அரைச் சுற்றுத் திருப்பினால்தான் அது மற்றொன்றன்மேல் பொருந்தும். திருப்பிப் பொருத்துவது வேறு. மடித்துப் பொருத்துவது வேறு. இணைகரத்துக்குப் பொதுவாக ஒரு சமச்சீர்க் கோடும் இல்லாதிருப்பதற்குக் காரணம் இதுவே. சதுரத்துக்கு நான்கு, சமபக்க முக்கோணத்துக்கு மூன்று, வட்டத்துக்கோ எண்ணிலடங்கா.

இவற்றை மனப்பாடம் செய்விப்பதாற் பயனில்லை. பிள்ளையின் கையில் பழைய செய்தித்தாளைக் கொடுத்து உருவங்களை வெட்டச் செய்யுங்கள். எத்தனை வழியில் மடிக்கலாம் என்பதை முதலில் ஊகித்துச் சொல்லட்டும். பிறகு மடித்துப் பார்க்கட்டும். ஊகம் பொய்க்கும் இடத்திலேதான் பாடம் மனத்தில் பதிகிறது. மடிக்க இயலாத படமாயின், கோட்டின்மேல் ஒரு சிறு கண்ணாடியை நிறுத்திப் பார்க்கலாம். கண்ணாடியில் தோன்றும் பாதியும் மறைந்த பாதியும் ஒன்றாக இருந்தால் அது சமச்சீர்க் கோடு.

காகிதத்தை மடித்துக் கணிதம் பயிலும் இம்முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. சுந்தர ராவ் என்னும் அறிஞர் இதனையே பொருளாகக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1893-இல் சென்னையில் வெளிவந்தது. 1901-இல் அமெரிக்காவிலும் பதிப்பிக்கப்பெற்றது.

அன்றிரவு என் தாயார் பேத்தியைத் தரையில் உட்காரவைத்து, ஆறு முனை நட்சத்திரக் கோலம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். எதிரெதிர் முனைகளின் வழியே மூன்று, எதிரெதிர்ப் பள்ளங்களின் வழியே மூன்று என ஆறு கோடுகளைக் குழந்தை தானே கண்டுபிடித்தாள். அடுத்துப் போட்டது ஒரு சிக்குக் கோலம். அதனை எப்படித் திருப்பினாலும் அழகு குன்றவில்லை; ஆனால் எந்தக் கோட்டிலும் அதன் பாதிகள் பொருந்தவில்லை. “பாட்டி, இது இணைகரத்தின் தங்கை!” என்றாள் அவள்.

வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்தில் ‘சிமெட்ரி’ என்றும், இந்தியில் ‘சமமிதி’ என்றும் கேட்கின்றனர். வீட்டில் ‘சமச்சீர்’ என்ற சொல்லையும் கோலத்தையும் சேர்த்துக் கொடுத்தால், மூன்று பெயருக்கும் பொருள் ஒன்றே என்பது விளங்கிவிடும். பாட்டியின் கைவேலையும் பள்ளிப் பாடமும் வெவ்வேறல்ல என்பதையும் அவர்கள் உணர்வார்கள்.

விடுமுறையில் ஆக்ராவுக்குச் செல்லும் அன்பர்கள் தாஜ்மகாலின் முன் நின்று சமச்சீர்க் கோட்டைத் தேடச் சொல்லுங்கள். மேற்கே மசூதி; அதற்கு ஈடாகக் கிழக்கே அதே வடிவில் ஒரு கட்டடம். உள்ளே மும்தாஜின் கல்லறை நடுவிலும், ஷாஜகானின் கல்லறை ஒரு பக்கமாகவும் இருப்பதால், அங்கு மட்டும் அச்சீர் குலைந்திருப்பதைக் காணலாம். நம் தேசியக் கொடியின் சக்கரத்தில் 24 ஆரங்கள். அச்சக்கரத்துக்குச் சமச்சீர்க் கோடுகளும் 24. வண்ணங்களையும் கருதினால் கொடி முழுமைக்கும் எத்தனை? விடையை நான் சொல்லப்போவதில்லை. பிள்ளைகளோடு அமர்ந்து மடித்துப் பாருங்கள்.