ஏற்காடு ஏறும் பிக்கப்புக்கு எந்த டயர்? பின் சக்கரத்திலிருந்து பாருங்கள்

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால், பனி விலகும் பிப்ரவரி வரை ஏற்காட்டுச் சாலையில் பிக்கப் வண்டிகளுக்கு ஓய்வில்லை. காபிப் பழம் பறிப்பதும் இந்த மாதங்களில்தான். அரிசி, சிமெண்ட், உரம், கேஸ் சிலிண்டர் எல்லாம் மேலே போகும். காபி மூட்டையும் சில்வர் ஓக் கட்டையும் கீழே வரும். திரும்பச் சரக்கு கிடைக்காத நாளில் வெறும் வண்டியாக இறங்க வேண்டும். டயர் யார் பக்கம் என்பது தெரிவது அந்த வெறும் வண்டியில்தான்.

சேலத்திலிருந்து போகும் பிரதான மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். அடிவாரத்தில் வெயிலாக இருக்கும், பாதி ஏறுவதற்குள் பனி மூடி, எதிரே வரும் லாரியின் விளக்கு மட்டும்தான் தெரியும். எஸ்டேட் பாதைகளிலிருந்து வரும் வண்டிகள் செம்மண்ணைத் தாரில் தேய்த்துவிட்டுப் போயிருக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை அடுத்து ஏற்காட்டிலும் கொட்டித் தீர்த்தது. மலைச்சாலையில் மண் சரிந்தது, போக்குவரத்து தடைபட்டது. அப்படிச் சரிந்த மண்ணை அள்ளிப் போட்ட பிறகும் தாரின் மேல் ஒரு மெல்லிய சேற்றுப்படலம் தங்கிவிடும். தூறல் விழுந்தால் அது எண்ணெய் மாதிரிதான்.

‘குளிர்கால டயர்’ என்று தனியாக ஒன்று உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. உண்டு, ஆனால் நமக்கு அல்ல. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும். குளிர்கால டயரின் ரப்பர் அப்போதும் மென்மையாக இருக்கும்படி கலக்கப்பட்டது. அதன் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது சட்டப்படி கட்டாயம். மாண்ட்ரியாலில் கார் வைத்திருக்கும் நம்மவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை டயர் மாற்றுவது இதனால்தான். ஏற்காட்டில் ஜனவரி அதிகாலையில்கூடப் பத்து டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இங்கே அந்த மென்மையான ரப்பரைப் போட்டால் சேலம் வெயிலில் தேய்ந்தே தீர்ந்துவிடும்.

இன்னொரு மயக்கம், ‘எம் பிளஸ் எஸ்’ என்ற முத்திரை. பெரிய பிக்கப்களுக்கு வரும் ஆல் டெரெய்ன் டயர்களில் இது சாதாரணமாக இருக்கும். சேறு, பனி இரண்டுக்கும் ஏற்ற பட்டன் அமைப்பு என்று தயாரிப்பாளரே சொல்லிக்கொள்வது அது. மலைச் சின்னத்துக்கு இருப்பது போலப் பனியில் ஓட்டிப் பார்க்கும் சோதனை எதுவும் இதற்குப் பின்னால் கிடையாது. பெரிய பெரிய பட்டன்கள் எஸ்டேட் சேற்றில் நன்றாகவே கடிக்கும். நனைந்த தாரில் கதை வேறு. பட்டன்களுக்கு இடையே வெற்றிடம் அதிகம் என்பதால் சாலையைத் தொடும் ரப்பர் குறைவு. பிரேக் போட்டால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். தினமும் எஸ்டேட்டுக்குள் ஓடுகிற வண்டியா, தார் ரோட்டிலேயே ஓடுகிற வண்டியா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பத்தில் எட்டு நடை தார் என்றால் சாதாரண ரேடியல் எல்டி (இலகுரக லாரி) டயரே போதும் என்பேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். புது டயர் ஒரு ஜோடிதான் வாங்க முடிகிறது என்றால் முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா? பெரும்பாலான டிரைவர்களின் பதில், ‘முன்னாடிதான், ஸ்டியரிங் அங்கேதானே இருக்கு!’ டயர் நிறுவனங்களோ பின்னால் போடச் சொல்கின்றன. மலைக்கு இரண்டாவதுதான் சரி.

நம் பிக்கப்களில் பெரும்பாலானவை பின் சக்கர இயக்கம் கொண்டவை. இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டு இறங்கும்போது என்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கிறதே, அந்தப் பிடி முழுவதும் பின் டயர் இரண்டின் வழியாகத்தான் சாலைக்கு வருகிறது. வெறும் வண்டியில் பின்பக்கம் எடையே இல்லை. சரக்கு ஏற்றினால்தான் இறங்கும் கனமான ஸ்பிரிங் பட்டைகள் வேறு. சிறு பள்ளத்துக்கும் பின்பகுதி துள்ளும். பிரேக் போட்டால் இருக்கிற எடையும் முன்னால் சாயும். அந்த நிலையில் பின் டயர் மொட்டையாக இருந்தால் வளைவில் வண்டியின் வால் வெளியே போகும். முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங் லேசாகி எச்சரிக்கும், வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடித்துவிடும். வால் சுழன்றால் எதிர்த்திசையில் திருப்பி மீட்க இடம் வேண்டும். கொண்டை ஊசி வளைவில், அதுவும் மூடுபனியில், அந்த இடம் ஏது? நான்கு சக்கர இயக்கம் இருந்தால் ஏறுவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. அந்த வண்டிகளில் நான்கு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்கவும் வேண்டும்.

பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதிகள் (1989) சொல்லும் வரம்பு. பள்ளங்களுக்குள் குறுக்கே தெரியும் சின்ன ரப்பர் மேடுதான் அதன் அடையாளம். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது. இது சட்டத்துக்கான கணக்கு. மழைக்கு 3 மில்லிமீட்டர் இருக்கும்போதே மாற்றுவது நல்லது. தேய்ந்த டயரைக் கோடையில் ஓட்டித் தீர்த்துவிட்டு அக்டோபரில் புதியதைப் போடுகிறவர் கெட்டிக்காரர்.

கடையில் டயரின் பக்கவாட்டைக் குனிந்து படிக்கக் கூச்சப்பட வேண்டாம். ‘185 ஆர் 14 எல்டி’ என்றிருந்தால் அகலம் 185 மில்லிமீட்டர், ரேடியல், 14 அங்குல ரிம், இலகுரக லாரிக்கானது. தொடர்ந்து ‘102/100’ என்றிருந்தால் ஒற்றை டயராக 850 கிலோவும் இரட்டையாக ஓடினால் தலா 800 கிலோவும் தாங்கும். அளவு பொருந்துகிறதே என்று கார் டயரை மாட்டுவது இந்த எண்ணைப் பார்க்காததால்தான். நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம் தயாரிப்புத் தேதி: 3224 என்றால் 2024-ன் 32-வது வாரம். ஈரப் பிடிப்பு, உருளும் தடை, சத்தம் மூன்றையும் சோதிக்கும் ஏஐஎஸ் 142 தரநிலையைக் கட்டாயமாக்கி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022-ல் அறிவிப்பு வெளியிட்டது. பிக்கப் டயர்கள் அதில் சி2 வகை.

லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லும் சங்ககிரியும் பக்கத்தில் இருப்பதால் ரீட்ரெட் போடச் சேலத்துக்காரருக்குச் சிரமமில்லை. நெடுஞ்சாலைச் சரக்குக்கு அது நல்ல சிக்கனம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கிலோமீட்டர் தருவதற்காகக் கடினமாகச் செய்த ரப்பர் நனைந்த தாரில் அவ்வளவாகப் பிடிக்காது. மழை மாதங்களில் மலைக்கு வேண்டாம்.

காற்று விஷயத்தில் ஒரு வேடிக்கை. மேலே போனதும் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று சிலர் பிடுங்கி விடுகிறார்கள். ஏற்காட்டின் உயரத்தில் வெளிக்காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ குறைவு, அதனால் கேஜ் அந்த அளவு கூடக் காட்டும். மேலே சேலத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிர் அதிகம் என்பதால் டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கி, 40 பிஎஸ்ஐ நிரப்பிய டயரில் அதே 2 பிஎஸ்ஐ இறங்கும். கூட்டிக் கழித்தால் பூஜ்யம். காலையில் டயர் சூடாவதற்கு முன், வண்டியில் குறித்திருக்கும் அளவுக்கு நிரப்பினால் ஏறி இறங்கும்வரை தொட வேண்டியதில்லை. சரக்கோடு ஏறும் வண்டியில் காற்றைக் குறைத்தால் டயர் சூடேறி வெடிக்கத்தான் வாய்ப்பு.

சேசிஸுக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியையும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். பிரதான சாலை அடைபட்டால் குப்பனூர் வழியாகத்தான் இறங்க வேண்டும். அந்த வழியில் இரவில் பங்க்சர் கடையைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.