புழு கட்டிய திட்டை அளப்பது எப்படி?

கடலில் திட்டு என்றதும் நமக்குப் பவளப்பாறைதான் நினைவுக்கு வரும். பிரான்சின் வடகரையில், மோன் சான் மிஷெல் விரிகுடாவில், வேறு மாதிரியான திட்டுகள் இருக்கின்றன. அவற்றைக் கட்டியது புழு. நீளம் மூன்று நான்கு சென்டிமீட்டர்தான். தேன்கூட்டுப் புழு என்று பெயர். ஐரோப்பாவில் இந்தப் புழு எழுப்பிய மிகப் பெரிய திட்டுகள் இங்கேதான் உள்ளன. அவற்றை வரைபடத்தில் எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்று, டீ குடித்துக்கொண்டே நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், கேட்பவர் எல்லாருக்கும் வருகிற ஒரு தவறான எண்ணத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பவளம் தன் உடலிலிருந்து சுண்ணாம்பைச் சுரந்து பாறையை வளர்க்கிறது. புழுவும் அப்படித்தான் செய்கிறது என்று நினைத்துவிடுகிறோம். புழு சுரப்பது பசையை மட்டுமே. அலை கிளப்பிவிடும் மணலையும் சிப்பித் துண்டுகளையும் பிடித்து, வாயருகே வைத்து அளவு பார்த்து, ஏற்றதை மட்டும் ஒவ்வொன்றாக ஒட்டித் தனக்கொரு குழாய் கட்டிக்கொள்கிறது. நம் வீட்டுச் சுவரில் குளவி மண்ணுருண்டை கொண்டுவந்து கூடு கட்டுகிறதே, அதே வேலைதான். பக்கத்துப் புழுக்களின் குழாய்களும் ஒட்டி ஒட்டி வளர்ந்து, ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் திட்டு. ஒரு மீட்டருக்கு மேலும் உயரும்.

கட்டியது கடற்கரை மணலால்தான். அதனால் மேலிருந்து படம் எடுத்தால் திட்டும் மணலும் ஏறக்குறைய ஒரே நிறமாகத் தெரியும். ஆகவே நிறத்தோடு உயரத்தையும் பார்க்கிறார்கள். விமானத்திலிருந்து லேசர் ஒளியை அனுப்பி, அது தரையைத் தொட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு மேடு பள்ளத்தைக் கணக்கிடும் முறைக்கு லைடார் என்று பெயர். சிறிய இடமென்றால் ட்ரோன் போதும். ஒரே இடத்தைப் பல கோணங்களில் படமெடுத்துக் கணினியில் சேர்த்தால் உருவம் கிடைத்துவிடும். ஆனால் நேரம் நம் கையில் இல்லை. திட்டு இருப்பது கரையின் தாழ்ந்த பகுதியில். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும்போது சில மணி நேரம்தான் முழுதாக வெளியே தெரியும்.

உயரம் கிடைத்துவிட்டது. திட்டு உயிரோடு இருக்கிறதா? அதை லேசரிடம் கேட்க முடியாது. ஒருவர் போய்க் குனிந்து பார்க்க வேண்டும். தண்ணீர் வற்றியதும் புழு உள்ளே ஒடுங்கி, தலையிலுள்ள பொன்னிற முட்களால் வாசலை அடைத்துக்கொள்ளும். எதுவும் அசையாது. செத்த பாறை என்று பலரும் அதன்மேல் ஏறி நடப்பது இதனால்தான். குழாயின் வாயைப் பாருங்கள். விளிம்பு கூர்மையாக, புது மணலில் மெல்லிய உதடு போல நீண்டிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. விளிம்பு மழுங்கி, சேறு அடைத்து, மேலே சிப்பியும் பாசியும் படர்ந்திருந்தால் வீடு காலி.

காலி வீட்டையும் வரைபடத்திலிருந்து அழித்துவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இந்தப் புழுவின் குஞ்சுகள் பல வாரம் கடலில் மிதந்து திரிகின்றன. எங்கே தங்குவதென்று அவை எப்படி முடிவுசெய்கின்றன? இங்கிலாந்தின் பிளிமத் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் வில்சன் அதைத்தான் ஆராய்ந்து 1968-இல் எழுதினார். பழைய குழாயிலுள்ள பசையைத் தொட்டதும் அவை அங்கேயே குடியேறத் தொடங்கின. சிதைந்த குழாய்கூட அடுத்த தலைமுறைக்கு மனைதான். ஆகவே நல்ல வரைபடத்தில் உயிருள்ளது, தேய்ந்தது, உடைந்தது மூன்றும் தனித்தனியே காட்டப்பட வேண்டும். சிப்பி தேடி வருபவர்கள் மிதித்து உடைத்த இடங்களும் அதில் தெரியும்.

ஒருமுறை வரைந்து வைத்தால் போதாது, திரும்பத் திரும்ப வரைய வேண்டும். 1962-63இன் கடுங்குளிரில் பிரிட்டன் கரைகளில் இந்தப் புழுக்கள் ஒரே குளிர்காலத்தில் பெருமளவில் மடிந்துபோயின.