உளுந்தஞ்சோறும் ஒரு தவிட்டுப் பழியும்

திருநெல்வேலிப் பக்கம் பெண்பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் அடுப்பில் உளுந்தஞ்சோறு ஏறிவிடும். தோல் போகாத கறுப்பு உளுந்தை வாசம் வர வறுத்து, அரிசி, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பூ சேர்த்துக் குழைய வேகவைப்பார்கள். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். இடுப்புக்குப் பலம் என்று ஆச்சிமார் சொல்வது வீண் பேச்சில்லை. உளுந்திலும் எள்ளிலும் இரும்பு, கால்சியம் இரண்டும் உண்டு. ஆனால் இலையில் விழுந்ததெல்லாம் இரத்தத்தில் சேர்ந்துவிடாது.

தோலும் தவிடும் சேர்ந்தால் நார்ச்சத்து இரும்பை வாரிக்கொண்டு போய்விடும் என்று ஒரு பேச்சு உண்டு. பழி பெரும்பாலும் ஆள்மாறி விழுந்தது. நாரோடு குடியிருக்கும் பைட்டிக் அமிலம்தான் முக்கியக் குற்றவாளி. முளைக்கப்போகும் விதை தனக்கென்று பாஸ்பரஸைச் சேர்த்துவைக்கும் வடிவம் அது. குடலுக்குள் இரும்பு, துத்தநாகம், கால்சியத்தைக் கவ்விக் கரையவிடாமல் செய்துவிடும். நாரோ பெருங்குடல் வரை போய், அங்குள்ள நுண்ணுயிர்களுக்குத் தீனியாகி, கொஞ்சம் கால்சியம் கூடுதலாகச் சேரவும் உதவுகிறது.

இரண்டாம் உலகப் போர்க்கால இங்கிலாந்தில் மெக்கான்ஸ், விடோசன் என்ற இரு ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் தவிட்டு ரொட்டி சாப்பிட்டவர்களுக்குக் கால்சியம் குறைவாகச் சேர்வதைக் கண்டார்கள். அதை ஈடுகட்ட ரொட்டி மாவில் சுண்ணாம்புத்தூள் கலக்கும் ஏற்பாடே வந்தது. 1961இல், பிகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத் ஈரானின் ஷிராஸ் நகரில் வளர்ச்சி குன்றிய இளைஞர்களைப் பற்றி எழுதினார். அவர்கள் பிரதானமாகத் தின்றது புளிக்காத ரொட்டி, கூடவே மண். துத்தநாகக் குறையாக இருக்குமோ என்ற அவரது ஐயம் பின்னால் உறுதிப்பட்டது.

புளிக்காத என்ற இடத்தில்தான் நம்மூர் மாவுச்சட்டி ஜெயிக்கிறது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16, இட்லிக்குத் தோதான குண்டரிசி. அதை உளுந்தோடு ஊறவைத்து அரைத்து இரவு முழுக்கப் புளிக்கவிட்டால், புளிப்பில் பைட்டேஸ் என்ற நொதி சுறுசுறுப்பாகிப் பைட்டிக் அமிலத்தை உடைக்கிறது. வெறுமனே வேகவைத்தால் அமிலம் பெரிதாகக் குறையாது, நொதிதான் செத்துப்போகும்.

அந்தக் கணக்கில், உளுந்தை வறுத்துச் செய்யும் உளுந்தஞ்சோறு கொஞ்சம் பின்தங்கிவிடுகிறது. அதற்காக அதை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. பக்கத்தில் பச்சை நெல்லிக்காய் ஒன்று இருந்தால் அதன் வைட்டமின் சி இரும்பைக் குடலுக்குள் ஏற்றிவிடும். இரும்பு சேர்வதைத் தடுக்கும் என்பதால், சாப்பிட்ட கையோடு காப்பியோ டீயோ குடிப்பதைத்தான் தள்ளிப்போட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் தரும் இரும்பு மாத்திரைக்கும் இதே விதிதான். அதையும் காப்பி டம்ளரோடு விழுங்கக் கூடாது.