கடைக்கு எத்தனை சதுர அடி?

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களிற் குடியேறிய நம்மவருள் சிலர் சிற்றுண்டிச் சாலை வைக்கின்றனர். சிலர் பலசரக்குக் கடையோ அச்சகமோ சிறு அலுவலகமோ நடத்துகின்றனர். யாவருக்கும் முதற்செலவு இடத்தின் வாடகையே. சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று தரகர் சொன்னவுடன், அந்த ரூபாயைக் குறைப்பதற்காக நாம் நெடுநேரம் வாதிடுகிறோம். ஆனால், ‘எந்தச் சதுர அடி?’ என்று கேட்பவர் சிலரே. ஒரே கடைக்கு மூன்று வெவ்வேறு பரப்புகள் சொல்லப்படலாம் என்பதையும், அவற்றின் வேறுபாடு யாது என்பதையும் இங்கே காண்போம்.

முதலாவது, கார்பெட் ஏரியா எனப்படும் உட்பரப்பு. சுவருக்குச் சுவர் கம்பளம் விரித்தால் எவ்வளவு இடம் மூடப்படுமோ அவ்வளவு என்பது இப்பெயரின் கருத்து. இரண்டாவது, பில்ட்-அப் ஏரியா எனப்படும் கட்டடப் பரப்பு. இதில் உட்பரப்போடு சுவர்களின் பருமனும் சேரும். அண்டைக் கடையோடு பொதுவான சுவராயின் அதன் பாதியைச் சேர்ப்பது வழக்கம். மூன்றாவது, சூப்பர் ஏரியா. மாடிப்படி, மின்தூக்கி, நடைவழி, முன்கூடம் முதலிய பொது இடங்களில் ஒரு பங்கு இதில் ஒவ்வொரு கடையின்மீதும் ஏற்றப்படுகிறது. இவ்வேற்றத்தை வணிகர் ‘லோடிங்’ என்பர்.

இவற்றுக்கு விதியே இல்லையோ எனின், உண்டு. கட்டடப் பரப்பு, உட்பரப்பு, வாடகைக்குரிய பரப்பு ஆகியவற்றை அளக்கும் முறையை ஐ.எஸ். 3861 என்னும் இந்தியத் தர ஆவணம் வகுத்துரைக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் உட்பரப்புக்கு இலக்கணம் கூறுகிறது. அதன்படி வெளிச்சுவர்கள், குழாய்கள் செல்லும் கூண்டுகள், தனி உரிமையுள்ள பால்கனி, திறந்த மொட்டைமாடி ஆகியவை உட்பரப்பில் அடங்கா. உள்ளே அறைகளைப் பிரிக்கும் தடுப்புச் சுவர்கள் அடங்கும். கடை, அலுவலகம், கிடங்கு ஆகியவற்றுக்கும் இவ்விலக்கணம் பொருந்தும்.

இங்கே ஒரு நுட்பம் கருதத்தக்கது. முற்கூறிய தர ஆவணம் கழிப்பறையையும் நடைவழியையும் உட்பரப்பினின்று நீக்கிவிடுகிறது. சட்டத்தின் இலக்கணத்திலோ, கடைக்குள்ளேயே அமைந்த கழிப்பறை விலக்கப்படவில்லை. எனவே ‘கார்பெட்’ என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் ஐயம் தீர்ந்ததென்று கருதலாகாது. மேலும், இச்சட்டம் முதன்மையாகக் கட்டி விற்போரைக் கட்டுப்படுத்துவது. சாதாரண மாத வாடகையில் இரு தரப்பாரும் எழுத்தில் ஒப்புக்கொண்ட அளவே பெரும்பாலும் நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். உள்ளே 20 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள கடையின் உட்பரப்பு 300 சதுர அடி. நான்கு சுவர்களும் முக்கால் அடிப் பருமனுடையவை, அவை முழுவதும் அக்கடைக்கே உரியவை எனக் கொண்டால், வெளியளவு இருபத்தொன்றரை அடிக்குப் பதினாறரை அடி. கட்டடப் பரப்பு ஏறத்தாழ 355 சதுர அடி. பொது இடங்களின் பங்கையும் ஏற்றி, 450 சதுர அடி சூப்பர் ஏரியா என்று உரிமையாளர் சொல்கிறார். சதுர அடிக்கு 100 ரூபாய் வீதம் வாடகை 45,000 ரூபாய். அடுத்த தெருவில் அதே உட்பரப்புள்ள மற்றொரு கடைக்கு, உட்பரப்பின்மேல் 130 ரூபாய் கேட்கின்றனர். வாடகை 39,000 ரூபாய். 100 ரூபாய்க் கடை மலிவு போலத் தோன்றினும், பயன்படும் இடத்தைக் கொண்டு கணக்கிட்டால் அதன் வீதம் 150 ரூபாய் ஆகிறது. மாதந்தோறும் 6,000 ரூபாய் அதிகம். ஆண்டுக்கு 72,000 ரூபாய்! சிறு வணிகருக்கு இது முதலையே அரிக்கும் தொகையாகும்.

ஆகவே, முன்பணம் கொடுப்பதற்கு முன் நாமே அளந்து பார்த்தல் நலம். நாடாவைத் தரைமட்டத்தில் தளரவிடாமல் பிடித்து, நீளத்தையும் அகலத்தையும் இருமுனைகளிலும் அளக்க வேண்டும். பின்னர் எதிரெதிர் மூலைகளுக்கு இடையே அளக்க வேண்டும். மேற்சொன்ன கடையில் இரு மூலைவிட்டங்களும் 25 அடியாக இருந்தால் அறை நேர்ச்சதுரமான மூலைகளை உடையது என்று கொள்ளலாம். இல்லையேல் அறையை இரு முக்கோணங்களாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும். மடக்கு உள்ள அறையைத் தனித்தனி நீள்சதுரங்களாகப் பிரித்துக் கூட்டிக்கொள்ளலாம். இடையே தூண்கள் இருப்பின் அவற்றின் இடம் கழிக்கப்படுமா என்று கேட்டல் வேண்டும். ஒன்றரை அடிச் சதுரமான நான்கு தூண்கள் 9 சதுர அடியை அடைத்துக்கொள்ளும். பரணையும் இடைத்தளத்தையும் தரைப்பரப்போடு கலவாமல் தனியே குறித்துக்கொள்க.

அலகிலும் கவனம் தேவை. தில்லிப் பக்கத்தில் இடத்தைக் ‘கஜம்’ என்று சொல்வர். ஒரு சதுர கஜம் 9 சதுர அடி. ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 10.76 சதுர அடி. எனவே நம் 300 சதுர அடிக் கடை, முப்பத்து மூன்றேகால் கஜத்துக்குச் சற்று அதிகம். மீட்டர்க் கணக்கில் 27.87.

வரிக்கும் இவ்வளவே அடிப்படை. தில்லியில் 2004 முதலும், பெங்களூரில் 2008 முதலும் பரப்பலகு முறையில் சொத்துவரி கணக்கிடப்படுகிறது. வரிக்குரிய பரப்பும் வாடகைக்குரிய பரப்பும் ஒன்றாக இருக்க வேண்டுவதில்லை. ஆதலின், வரி ரசீதிலுள்ள எண்ணை அப்படியே வாடகைக்கு ஏற்பதும், வாடகைப் பத்திரத்திலுள்ள எண்ணை வரிக்கு எழுதுவதும் தகா.

இறுதியாக, அளந்ததை எழுத்தில் ஏற்றுதல் வேண்டும். உட்பரப்பு இவ்வளவு, ஏற்றப்பட்ட பொதுப்பங்கு இவ்வளவு, அளந்த முறை இன்னது எனப் பத்திரத்தில் குறிப்பிட்டு, அளவுகள் இட்ட வரைபடம் ஒன்றையும் இணைத்து இருவரும் கையெழுத்திடுக. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தல் சட்டப்படி அவசியம். மொழி புதிதான ஊரில், வாய்ச்சொல் பலவாறு பொருள்படலாம். உரிமையாளரும் நாமும் ஒன்றாக நின்று அளந்து எழுதிய எண்ணோ, எம்மொழியிலும் ஒரே பொருளைத் தரும்.